கண் டாக்டர் அறையிலேயே முடிகிற சிறு சிகிச்சைகள்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கண் சிகிச்சை என்றாலே புரை ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த ஊருக்கு வாங்கித் தந்த பெயர் அது. ஆனால் தியேட்டருக்குப் போகாமல், பச்சை உடை மாட்டாமல், டாக்டரின் அறையிலோ அதை ஒட்டிய சிறு அறையிலோ முடிந்துவிடுகிற வேலைகளும் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பற்றி, கண் மருத்துவராக நான் தினமும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே. உங்கள் கண்ணைப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். கண்ணைப் பார்த்தவர் அவர்தான்.

எந்தெந்த வேலைகள் அறையிலேயே முடியும்?

கருவிழியில் ஒட்டிய தூசி, இரும்புத் துகள் எடுப்பது. இமைக் கட்டியைக் கீறிச் சுத்தம் செய்வது. உள்ளே திரும்பிக் குத்தும் இமைமுடியைப் பிடுங்குவது. கண்ணீர்க் குழாய் அடைப்பைச் சோதிப்பது. பழைய தையல் பிரிப்பது. கண் வறட்சிக்காகக் கண்ணீர் வடியும் துளையில் சின்ன அடைப்பான் வைப்பது. சில வகை லேசர். ஏறத்தாழ இவ்வளவுதான். புரை, சதை வளர்ச்சி, மாறுகண், கண்ணுக்குள் போடும் ஊசி ஆகியவற்றை நம் ஊரில் பெரும்பாலும் தியேட்டரில்தான் செய்கிறார்கள், அதுதான் சரி.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா? துணைக்கு ஆள் வேண்டுமா?

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பசியோடும் பயத்தோடும் உட்கார்ந்தால் பாதி வேலையில் மயக்கம் வரும்; மீசை முறுக்கியவர்களுக்கும் வந்திருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கம்போல் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் டாக்டர் ஊசி போட்டபோது ஒவ்வாமை ஏதாவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கட்டி எடுக்கும்போது போடுவதும் அதே வகை மருந்துதான். துணைக்கு ஒருவர் வந்தால் நல்லது. ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் தேடுவது சுலபமில்லை.

பட்டறையில் கிரைண்டிங் செய்யும்போது கண்ணில் இரும்புத் தூள் விழுந்துவிட்டது. எப்படி எடுப்பீர்கள்? ஊசியா?

ஆமாம், ஊசிதான். கேட்டவுடன் எழுந்து போய்விடாதீர்கள். என்ன நடக்கும் என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பார்வையை அளப்போம். எழுத்துப் பலகை படிக்கச் சொன்னால் "வலிக்கிறது, முதலில் தூளை எடுங்கள்" என்று சிலர் கோபப்படுவார்கள். எடுப்பதற்கு முன் பார்வை எவ்வளவு இருந்தது என்பது எழுத்தில் இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் பாதுகாப்பு. பிறகு மரத்துப்போகும் சொட்டு மருந்து. முதல் சில நொடிகள் எரியும், அரை நிமிடத்துக்குள் உறுத்தல் நின்றுபோகும். அதன் பின் ஆரஞ்சு நிறச் சாயம் தொட்ட காகிதத் துண்டைக் கீழிமையில் ஒற்றி, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழியில் கீறல் விழுந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். மேலிமையின் உட்புறத்திலும் தூசி ஒளிந்திருக்கலாம் என்பதால் இமையைத் திருப்பிப் பார்ப்போம். கருவிழியில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் தூசி இமைக்கடியில்தான் இருக்கிறது.

எடுப்பது இப்படி. ஸ்லிட் லாம்ப் என்ற பெரிய நுண்ணோக்கியில் தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையோடு அழுத்திக்கொள்கிறீர்கள். பின்னால் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார். என் காதைப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் காதைப் பார்க்கும்போது ஊசி பக்கவாட்டிலிருந்து வரும், நேருக்கு நேராக வராது. தடுப்பூசி போடுவதற்கு ஆகிற மாதிரியான மெல்லிய ஊசி அது. அதன் சாய்ந்த விளிம்பால் துகளை நெம்பி எடுப்போம், குத்துவதில்லை. கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். நமக்கு வேலை அதன் மேல்தோலில் மட்டும். என் சுண்டுவிரல் உங்கள் கன்னத்து எலும்பில் ஊன்றியிருக்கும். நீங்கள் அசைந்தால் கையும் சேர்ந்தே அசையும். துகள் வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஊசி முனையில் அதைக் காட்டினால் "இத்தனூண்டுக்கா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை" என்பார்கள்.

பிறகு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து அல்லது களிம்பு. மரப்பு தெளிந்ததும் சில மணி நேரம் வலி, கூச்சம், நீர் வடிதல் இருக்கும். மேல்தோல் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் மூடிவிடும்.

எடுத்த பிறகும் "துரு இருக்கிறது, நாளை வா" என்கிறீர்களே?

கண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும். துகள் போன இடத்தில் சில மணி நேரத்திலேயே பழுப்பு வளையம் ஒன்று படியத் தொடங்கிவிடும். அதை முதல் நாளே முழுக்கச் சுரண்ட நினைத்தால் நல்ல திசுவும் சேர்ந்து போகும். ஒருநாள் விட்டால் வளையம் இளகி, அடுத்த முறை சுலபமாக வந்துவிடும். பார்வையின் நேர்க்கோட்டில் இல்லாத லேசான கறையைச் சில சமயம் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.

உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது ஏதோ தெறித்தது. வலி அவ்வளவாக இல்லை. இருந்தாலும் வர வேண்டுமா?

உடனே. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே எனக்குப் பயம் தரும் கேள்வி இதுதான். கிரைண்டிங் தூள் பெரும்பாலும் மேலோடு ஒட்டும். இரும்பின் மேல் இரும்பை அடிக்கும்போது தெறிக்கும் துணுக்கு வேறு ரகம்: வேகமாகக் கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும், துளையும் மூடிக்கொள்ளும், வலியும் சொற்பமாக இருக்கும். உள்ளே தங்கிய இரும்பு, மாதக் கணக்கில் மெல்ல விழித்திரையைக் கெடுக்கும். மேலூர்ப் பக்கம் கல் உடைப்பவர்களும் கப்பலூர்ப் பட்டறைத் தம்பிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

கண்பாப்பா வட்டமாக இல்லாமல் கோணலாக இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணுக்குள் ரத்தம் தெரிந்தாலோ கண்ணைக் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், மருந்து எதுவும் விடாதீர்கள். கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை மேலே வைத்து ஒட்டிக்கொண்டு நேராகப் பெரிய கண் மருத்துவமனைக்குப் போங்கள். இது அறையில் முடிகிற வேலை அல்ல. ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் டீ கூடக் குடிக்க வேண்டாம். எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் இரும்புத் துணுக்கு தெறித்த விஷயத்தை முதலில் சொல்லுங்கள். அந்தக் காந்தம் துணுக்கை நகர்த்திவிடும்.

வெல்டிங் வெளிச்சம் பட்டு ராத்திரியெல்லாம் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது. மரத்துப்போகும் மருந்தையே ஒரு பாட்டில் எழுதித் தாருங்களேன்?

தர மாட்டேன். எந்தக் கண் மருத்துவரும் தரக் கூடாது.

வெல்டிங் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதனால்தான் நடுராத்திரியில் எழுந்து உட்கார்கிறார்கள். களிம்பு, வலி மாத்திரை, இருட்டறை என்று இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தானாகவே ஆறிவிடும்.

மரப்பு மருந்து விட்டால் சுகமாகத்தான் இருக்கும், 15, 20 நிமிடத்துக்கு. அதுவே திரும்பத் திரும்பப் போனால் மேல்தோல் வளர்வதைத் தடுக்கும். வலி தெரியாததால் கண்ணைத் தேய்ப்பார்கள், தூசி விழுந்தாலும் தெரியாது. ஆற வேண்டிய காயம் ஆறாமல் கருவிழி உருகிப் பார்வை போனவர்கள் உண்டு. பட்டறைகளில் ஒரு பாட்டிலைப் பொதுவாக வைத்துக்கொண்டு ஆளாளுக்கு விட்டுக்கொள்ளும் வழக்கம் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அந்தப் பாட்டிலை இன்றைக்கே குப்பையில் போடுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பாட்டி கண்ணில் விழுந்த தூசியை நாக்கு நுனியால் எடுத்துவிடுவார். அதில் என்ன தப்பு?

பாட்டியின் கைராசியைக் குறை சொல்லவில்லை. இமைக்கடியில் சும்மா கிடக்கும் தூசி நாக்குக்கும் வரும், சேலை முந்தானைக்கும் வரும், சுத்தமான தண்ணீரில் நாலு முறை கண்ணைச் சிமிட்டினாலும் வரும். கருவிழியில் பதிந்த தூசி இதில் எதற்கும் வராது. உரசி உரசிக் காயம்தான் பெரிதாகும். அந்தக் காயத்தில் வாயிலிருக்கும் கிருமிகள் போய்ச் சேரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எல்லாவற்றுக்கும் பதில் இதேதான். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்ணின் மேல் குளிர்ச்சிக்கு வைத்துக்கொண்டால் சண்டைக்கு வர மாட்டேன். பிழிந்து உள்ளே விட்டால் வருவேன்.

அறுவடையின்போது நெல் சுனை கண்ணில் பட்டது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன். சிவப்பு குறைந்தது, இப்போது வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது. அதை எடுத்துவிடலாமா?

அது எடுக்கிற தூசி அல்ல. கருவிழிப் புண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்றே வாருங்கள், வாங்கிய பாட்டிலையும் கையோடு கொண்டுவாருங்கள்.

நெல், கரும்புச் சோகை, தென்னங்கீற்று, மாட்டு வால் என்று நம் பக்கத்தில் கண்ணைக் கீறுவதற்குப் பொருள் நிறைய. இவற்றில் பூஞ்சைக் கிருமி ஒட்டியிருக்கும். கீறல் வழியாக அது உள்ளே இறங்கினால் மெதுவாக, ஆனால் பிடிவாதமாகப் புண் வளரும். 1990-களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில், ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது தெரிந்தது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப்போல் அது ஏறத்தாழ 10 மடங்கு. ஆறினாலும் பலருக்குத் தழும்பு நின்றுவிடும். "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று ஊரில் சொல்வது அதைத்தான்.

இதில் மருந்துக் கடைச் சொட்டு மருந்தின் பங்கு என்ன? சிவந்த கண்ணுக்கு என்று எடுத்துக் கொடுப்பதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் ஒரே நாளில் அடக்கும். கூடவே கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நோயாளி "குணமாகிவிட்டது" என்று நாலு நாள் வேலைக்குப் போய்விட்டு, புண் நடுக்கருவிழிக்கு வந்தபின் வருவார். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. வயலிலிருந்து வந்து, கூலியை விட்டு, பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போக முடியாதவர் கேட்டதை அவர் கொடுக்கிறார். அதற்கும் வழி இருக்கிறது. நேபாளத்தின் பக்தபூரில் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களே கருவிழிக் கீறலைக் கண்டுபிடித்து 3 நாள் ஆன்டிபயாடிக் களிம்பு போட்டுவிட்டார்கள். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கிய 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஆகப் புண் வந்தபின் பெரிய மருத்துவமனைக்கு ஓடுவதைவிட, கீறல் பட்ட அன்றே பக்கத்திலுள்ள கண் பரிசோதனை மையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுவது எத்தனையோ மேல்.

புண் இருந்தால் நாங்கள் அறையில் செய்வது ஒன்றுதான்: மரப்பு மருந்து விட்டு, புண்ணின் விளிம்பை லேசாகச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி, பூஞ்சையா பாக்டீரியாவா என்று பார்ப்பது. அதன் முடிவைப் பார்த்துத்தான் மருந்து. பயிர்ப்பொருள் கீறிய கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டக் கூடாது. மூடிய இடத்தில் கிருமி இன்னும் நன்றாக வளரும்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட் வெடித்துக் குழந்தையின் கண்ணில் தெறித்துவிட்டது!

படிப்பதை நிறுத்துங்கள். குழாயடியில் குழந்தையைச் சாய்த்து, இமையைப் பிரித்துப் பிடித்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அரை மணி. கதறினாலும் நிறுத்தாதீர்கள். பிறகு கண் மருத்துவமனைக்கு. சுண்ணாம்புத் துணுக்குகள் இமை மடிப்பில் ஒளிந்திருந்து தொடர்ந்து சுடும். அவற்றை நாங்கள் எடுத்து, மறுபடியும் கழுவ வேண்டும். எண்ணெய் விடாதீர்கள். கட்டடச் சுண்ணாம்பு, சிமென்ட், கழிப்பறை ஆசிட் எல்லாவற்றுக்கும் முதல் வைத்தியம் தண்ணீர்தான். மருத்துவமனைக்கு ஓடி நேரத்தை விட்டுவிட வேண்டாம், கழுவிவிட்டு ஓடுங்கள்.

இமையில் பட்டாணி அளவு கட்டி. கீறித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இமைக்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேலிமையில் மட்டும் 25 முதல் 40. அதில் ஒன்றின் வாய் அடைத்து, எண்ணெய் உள்ளேயே தங்கிக் கட்டியாகிறது. சிவந்து, வலித்து, சீழ்க் கொப்புளம் மாதிரி வருவது ஒன்று. வலியில்லாமல் உருண்டையாக நிற்பது இன்னொன்று. இரண்டுக்கும் முதல் சிகிச்சை ஒத்தடம். வெந்நீரில் முக்கிப் பிழிந்த சுத்தமான துணி, கை பொறுக்கும் சூடு, 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு நாலு தடவை. பிறகு இமையை மெல்ல நீவிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் செய்துவிட்டு "கேட்கவில்லை" என்று வருகிறார்கள். மூன்று நான்கு வாரம் கொடுங்கள்.

அப்போதும் கரையாமல் உருண்டையாக நின்றால் எடுத்துவிடலாம். இந்த வேலையில் வலிக்கும் கட்டம் ஒன்றே ஒன்று, இமையில் போடும் மரப்பு ஊசி. பத்து நொடி சுருக்கென்று இருக்கும். பிறகு வளையம் போன்ற ஒரு கிடுக்கியால் கட்டியைப் பிடித்து, இமையைத் திருப்பி, உட்புறமாகச் சிறு கீறல் போட்டு, குட்டிக் கரண்டியால் உள்ளிருப்பதைச் சுரண்டி எடுப்போம். கஞ்சி போல வரும். உட்புறம் கீறுவதால் வெளியே தழும்பு இல்லை, தையலும் இல்லை. கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். களிம்பு வைத்துச் சில மணி நேரம் கட்டியிருப்போம். மறுநாள் இமை நீலம் பாரித்து வீங்கியிருந்தால் பதற வேண்டாம், வடிந்துவிடும். கட்டுமீறி ரத்தம் வந்துகொண்டே இருந்தால் மட்டும் வாருங்கள். கல்யாணத் தேதியை ஒட்டி வருபவர்கள் குறைந்தது பத்து நாள் முன்னதாக வரவும். புகைப்படத்துக்கு அது தேவைப்படும்.

சிவந்து சீழ் பிடித்திருக்கும்போது ஆறவிட்டுத்தான் கீறுவோம். சிலருக்குக் கீறாமல் கட்டிக்குள் மருந்து ஊசி போட்டே கரைக்கலாம்.

நாமக்கட்டியை உரசிப் போட்டால் போகாதா?

தோலில் போட்டால் கெடுதல் பெரிதாக இல்லை. காய்ந்து உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்தால் உறுத்தும். நாமக்கட்டி போட்டுப் போனதாகச் சொல்லும் கட்டிகள் எல்லாம் போடாமலும் போயிருக்கும். நகத்தால் கிள்ளுவது, ஊசியால் குத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்பாவுக்கு வயது 65. ஒரே இடத்தில் மூன்றாவது முறையாகக் கட்டி. மறுபடியும் சுரண்டிவிடலாம்தானே?

சுரண்டியதைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதே எண்ணெய்ச் சுரப்பியில் வரும் ஒருவகைப் புற்றுநோய் சாதாரணக் கட்டி மாதிரியே வேஷம் போடும். நம் நாட்டில் இது மேலை நாடுகளைவிட அதிகம். வயதானவருக்கு, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப வந்தால், அல்லது கட்டி உள்ள இடத்தில் இமைமுடி உதிர்ந்திருந்தால், பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால், சீக்கிரம் தெரிந்தவருக்குக் கண்ணும் உயிரும் மிஞ்சும்.

இமைமுடி உள்ளே குத்துகிறது. வீட்டிலேயே பிடுங்கலாமா?

வேண்டாம். வீட்டில் பிடுங்கும்போது முடி பாதியில் ஒடியும். ஒடிந்த கட்டை முடி முழு முடியைவிட மோசமாகக் குத்தும். எங்களிடம் வந்தால் நுண்ணோக்கியில் பார்த்து வேரோடு எடுப்போம், இரண்டு நிமிட வேலை. ஆனால் நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடியும் முளைக்கும். அடிக்கடி வந்து சலித்தவர்களுக்கு வேரையே மின்சாரத்தால் கருக்கலாம். இமையே உள்நோக்கித் திரும்பியிருந்தால் முடியைப் பிடுங்கிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, இமையைச் சரிசெய்ய வேண்டும்.

அம்மாவுக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. ஏதோ தண்ணீர் அடித்துப் பார்த்து "தொண்டையில் உப்புக் கரித்ததா?" என்று கேட்டார்கள். எதற்கு?

கண்ணீர் வடிவதற்கு இமையின் மூக்கோரத்தில் மேலும் கீழுமாக இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. அவை வழியாகக் கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து மூக்குக்குள் இறங்கும். முனை மழுங்கிய மெல்லிய குழாயால் அந்தத் துளையில் உப்புநீரைச் செலுத்துகிறோம். பாதை திறந்திருந்தால் தொண்டையில் உப்புக் கரிக்கும். அடைத்திருந்தால் அதே நீர் கண்ணுக்கே திரும்பி வரும். சீழோடு திரும்பினால் பையில் கிருமி குடியிருக்கிறது என்று பொருள்.

புரை ஆபரேஷனுக்கு முன்பு, முகாம்களில் கூட, ரத்த அழுத்தம், சர்க்கரையோடு சேர்த்து இதையும் பார்ப்பது அதனால்தான். பையில் சீழை வைத்துக்கொண்டு புரை எடுத்தால் கிருமி கண்ணுக்குள் போகும். "கண்ணைத்தானே பார்க்க வந்தோம், மூக்கில் என்ன வேலை" என்று அம்மா கோபித்துக்கொண்டால் இதைச் சொல்லுங்கள். மூக்கோரம் சிவந்து வீங்கி வலிக்கும்போது மட்டும் இந்தச் சோதனை செய்வதில்லை, முதலில் மருந்து.

கைக்குழந்தைக்கு ஒரு கண்ணில் எப்போதும் நீரும் பீளையும். குழாய் விட வேண்டுமா?

பொறுங்கள். பிறவியிலேயே குழாயின் கீழ்வாயில் ஒரு மெல்லிய சவ்வு திறக்காமல் இருக்கும். முதல் பிறந்தநாளுக்குள் 100-க்கு 90 குழந்தைகளுக்குத் தானே திறந்துவிடும். நகத்தை வெட்டி, கையைக் கழுவி, கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவில் விரல் நுனியை வைத்துக் கீழ்நோக்கி அழுத்தி நீவ வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. எப்படி அழுத்துவது என்று ஒருமுறை நேரில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் மூக்கைத் தடவிக் கொடுக்கிறார்கள், அழுத்துவதில்லை. ஒரு வயதுக்குப் பிறகும் நிற்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பியால் திறந்துவிடலாம்.

நீர் வடிதலோடு கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தால், வெளிச்சத்தைக் கண்டு குழந்தை முகத்தைப் புதைத்துக்கொண்டால், அது கண்ணழுத்த நோயாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

புரை ஆபரேஷன் செய்து மூன்று வருடம். மறுபடியும் மங்கல். லென்ஸ் கெட்டுப்போய்விட்டதா? வெளிநாட்டு லென்ஸ் வைத்திருந்தால் வந்திருக்காதா?

லென்ஸ் கெடவில்லை, புரையும் திரும்ப வரவில்லை. புரையை எடுக்கும்போது அதன் மெல்லிய உறையை மட்டும் விட்டுவைத்து, அதற்குள்தான் லென்ஸை உட்கார வைக்கிறோம். அந்த உறையின் பின்பக்கம் நாளடைவில் மங்கிவிடுகிறது. சிலருக்குச் சில மாதத்தில், சிலருக்கு ஐந்தாறு வருடம் கழித்து. லென்ஸின் விளிம்பு வடிவமும் அது எந்தப் பொருளால் ஆனது என்பதும் ஓரளவு வித்தியாசம் செய்யும்; எந்த நாட்டில் செய்தது என்பது செய்யாது. மதுரையில் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான அரோலேப் 1992 முதல் லென்ஸ் செய்து வெளிநாடுகளுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இதற்கான சிகிச்சை யாக் லேசர். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து, ஸ்லிட் லாம்ப் போன்ற கருவியில் தாடையை வைத்தால், சிவப்புப் புள்ளி தெரியும், 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், ஐந்து நிமிடத்தில் உறையின் நடுவில் ஒரு ஜன்னல் திறந்துவிடும். கத்தி, ஊசி, கட்டு எதுவுமில்லை. அடுத்த நாளே தெளிவு தெரியும். கொஞ்ச நாள் கண்முன் கொசு பறப்பதுபோல் இருக்கும். கண்ணழுத்தம் தற்காலிகமாக ஏறலாம் என்பதால் சொட்டு மருந்து தருவோம். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, கொட்டும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இழுத்ததுபோல் மறைப்பு வந்தால் அன்றே வர வேண்டும். அரிதாக விழித்திரை பிரிவது உண்டு.

இன்னொன்று: "முதலிலேயே லேசர் ஆபரேஷன்தான் செய்தோம், மறுபடியும் எதற்கு லேசர்?" என்று சண்டை வரும். ஊரில் லேசர் ஆபரேஷன் என்று சொல்லும் புரை ஆபரேஷன் பெரும்பாலும் லேசரே அல்ல. ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறை.

சர்க்கரை நோய்க்குக் கண்ணில் லேசர் வைக்கச் சொல்கிறார்கள். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, வைத்தால் கெட்டுவிடாதா?

பார்வை நன்றாக இருக்கும்போதே வைப்பதுதான் பலன் தரும். விழித்திரையில் புதிதாக முளைக்கும் பலவீனமான ரத்தக் குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டாமல் தடுக்கவே இது. இருப்பதைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தருவது அதன் வேலையில்லை. பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கும், சிலருக்கு உள்ளே வலிக்கும், இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வைப்போம். இரவில் பார்வை சற்றுக் குறையலாம், பக்கப் பார்வை கொஞ்சம் சுருங்கலாம். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

பாப்பா விரிய மருந்து விட்டுவிட்டார்கள். பைக்கில் திருமங்கலம் போகலாமா?

கூடாது. 4 முதல் 6 மணி நேரம் கூச்சமும் மங்கலும் இருக்கும். மதிய வெயிலில் எதிரே வரும் லாரி வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும். கூலிங் கிளாஸ் கொண்டுவாருங்கள், பஸ்ஸில் போங்கள்.

வெள்ளைவிழியில் திடீரென்று ரத்தத் திட்டு. எடுத்துவிட முடியுமா?

வலியும் இல்லை, பார்வையும் குறையவில்லை, அடியும் படவில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு வாரத்தில் தானே கரையும். ரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் பத்தியம் உண்டா? கத்தரிக்காய், கருவாடு? தலைக்குக் குளிக்கலாமா?

சாப்பாட்டில் பத்தியமே இல்லை. கருவாடு கண்ணுக்கு ஒன்றும் செய்யாது. தலைக்குக் குளிப்பதை மூன்று நான்கு நாள் தள்ளிப்போடுங்கள். சோப்பும் சீயக்காயும் அழுக்குத் தண்ணீரும் காயத்தில் படக் கூடாது என்பதுதான் காரணம். கழுத்துக்குக் கீழே தினமும் குளிக்கலாம். வைகையிலோ கிணற்றிலோ குதிப்பது இரண்டு வாரம் வேண்டாம். கண் மையும் அதுவரை வேண்டாம்.

மருந்து விடுவதில்தான் நிஜமான பத்தியம் இருக்கிறது. கையைக் கழுவி, கீழிமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் ஒரு நிமிடம் அழுத்தியிருங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிடம். திறந்த பாட்டில் ஒரு மாதத்துக்குத்தான். மிச்சத்தை அடுத்த வீட்டுக்காரருக்குத் தானம் செய்ய வேண்டாம்.

செலவு? காப்பீட்டில் வருமா?

அரசு இராசாசி மருத்துவமனையின் கண் பிரிவில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. அரவிந்தில் இலவசப் பிரிவும் கட்டணப் பிரிவும் தனித்தனி. தனியார் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் கை கொடுக்கும். அறையில் முடிகிற வேலைக்கு வருமா என்று பாலிசியைப் பார்த்துவிட்டு வாருங்கள். தனியார் கிளினிக்கில் உட்காரும் முன்பே எவ்வளவு ஆகும் என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

இமைக் கட்டி எடுத்து மூன்று நாள் ஆகிறது. அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுவதாக வேண்டுதல். போகலாமா?

சித்திரை மாதத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். நீங்கள் பீய்ச்சுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பக்கத்தில் நிற்பவர் பீய்ச்சுவது உங்கள் கண்ணில் படும் என்பதுதான் பிரச்சினை. அது குடிதண்ணீரும் அல்ல. வேண்டுதலை வீட்டில் வேறொருவர் நிறைவேற்றலாம் என்றால் அப்படிச் செய்துவிட்டு, நீங்கள் எதிர்சேவையன்று தள்ளி நின்று சுவாமி பாருங்கள். நானேதான் செய்ய வேண்டும் என்றால் பக்கவாட்டிலும் மூடிய பட்டறைக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டு போங்கள். கண்ணில் தண்ணீர் பட்டுவிட்டால் தேய்க்காமல், கையோடு கொண்டுபோகிற பாட்டில் தண்ணீரில் கழுவி, அடுத்த வேளைச் சொட்டு மருந்தைத் தவறாமல் விடுங்கள். மறுநாள் சிவந்து பீளை தள்ளினால் கூட்டம் கலையட்டும் என்று காத்திராமல் வந்துவிடுங்கள்.